புற்றுக் காளான் கற்பித்த பாடம்

தமிழாசிரியர்க்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டால் அப்பொருளையே கண்டுவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வார். வேங்கை மலரைப் பற்றி ஒரு மணி நேரம் விரித்துரைப்பார்; வேங்கை மரம் எதிரே நின்றால் அதன் பெயரைப் பிறரிடம் கேட்பார். யாமும் இக்குறைக்கு விலக்கானவர் அல்லோம். அக்குறை எமக்கு நன்கு உணர்த்தப்பட்ட ஒரு நாளின் வரலாறே இக்கட்டுரை.

2022 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இளங்கலை மூன்றாம் ஆண்டு வகுப்பில் சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தோம். நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பாணனிடம் தன் பழைய வறுமையை எடுத்துரைக்கும் பகுதி அது. நல்லூர் நத்தத்தனார் அவ்வீட்டின் அடுக்களையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவார். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் அங்கே கிடந்து குரைக்கும். பழைய சுவரைச் சிதல் அரித்து உதிர்த்த புழுதியில் காளாம்பி பூத்திருக்கும். பசியால் மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைப்பாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்பாள். புறநானூற்றின் 164 ஆம் பாடலிலும், சமைத்தலை மறந்த தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருக்கும் நிலையைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் முறையிடுகிறார். இவ்விரண்டையும் இணைத்து, 'ஆம்பி வறுமையின் அடையாளம்' என்று கரும்பலகையில் எழுதினோம். பணியில் சேர்ந்த 2008 ஆம் ஆண்டு முதல் யாம் எழுதிவந்த தொடர்தான் அது.

அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். சவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்றவர்; மூன்றாண்டுகளில் வகுப்பில் அவர் குரலை யாம் கேட்டது அரிது.

"ஐயா, எங்க ஊர்ல காளான் வந்தா அது விருந்துங்க. யாரும் வறுமைன்னு சொல்லமாட்டாங்க" என்றார். பின்னர் சற்றுத் தயங்கி, "சிதல் அரிச்ச இடத்துல காளான் பூத்துச்சுன்னு புலவர் சொல்றாரே, அது சரிதானுங்களே ஐயா? கறையான் இருந்தாத்தானே அந்தக் காளான் வரும்?" என்று வினவினார்.

வகுப்பு சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. அத்தொடருக்குச் சிதல் என்றால் கறையான், பூழி என்றால் புழுதி, காளாம்பி என்றால் காளான் என்று பதினான்கு ஆண்டுகளாகப் பதவுரை கூறியவர் யாம். மூன்று சொற்களும் ஏன் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன என்று ஒரு நாளேனும் எம்மையே கேட்டுக்கொண்டதில்லை. நல்லவேளையாக மணி அடித்தது.

அம்மாணவரின் முதல் தொடர் எம்மைத் தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. 1991 ஆம் ஆண்டு எமக்குப் பதினொரு வயது. தோல் பதனிடும் தொழிலில் இருந்த அத்தா நோயுற்று, எட்டுத் திங்கள் வீட்டோடு கிடந்தார். பெருநாளைக்கும் வீட்டில் கறி சமைக்காத ஆண்டு அது. மழைக்காலத்தில் சில நாள் மாலையில் அம்மா முந்தானையில் மூடிக் காளான் கொண்டுவருவார். கொல்லைக் கதவையும் தெருக் கதவையும் சாத்திவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் குழம்பு வைப்பார். "கறிதான், சாப்பிடுங்க" என்பார். எமக்கும் தங்கையர் இருவர்க்கும் அது கறியன்று என்பது தெரியும். ஒருநாள் மதரஸாவில் உடன்பயின்ற ஒருவன், "உங்க வீட்டில் என்ன குழம்பு?" என்று கேட்டபோது, "ஆட்டுக்கறி" என்று பொய் உரைத்தோம். அப்பொய்யின் கூச்சம் முப்பது ஆண்டுகளாக எம் உள்ளத்தில் எங்கோ தங்கியிருந்தது. காளானை வறுமையோடு யாம் அவ்வளவு உறுதியாக இணைத்துப் பேசியதற்கு நத்தத்தனார் மட்டும் பொறுப்பாளி அல்லர்.

செப்டம்பரில் நல்ல மழை பெய்தது. மாணவர் வந்து, "ஐயா, எங்க ஊர்ல இடி இடிச்சு மழை பேஞ்சிருக்காம். ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா காளான் பாக்கலாம். அம்மா கூட்டிவரச் சொன்னாங்க" என்றார். எம் நண்பர்கள் மூவரிடம் சொன்னோம். ஒருவர் தாவரவியல் ஆசிரியர். மற்றொருவர் அரபுத் துறையைச் சேர்ந்தவர். மூன்றாமவர் எம்முடன் பள்ளியில் பயின்று, இன்று கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் இளமைத் தோழர். நால்வரும் ஃபஜ்ரு தொழுகை முடித்து, ஆலங்காயம் வழியாகக் காவலூர் செல்லும் பேருந்தில் ஏறினோம்.

மலைப்பாதையில் பனி விலகியபோது காவலூர் வான்நோக்கு நிலையத்தின் வெண்மாடம் தென்பட்டது. வைணு பாப்புவின் பெயர் தாங்கிய அந்நிலையத்தில், 2.3 மீட்டர் விட்டமுடைய ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. "இதுவே மிகப் பெரிய காளான், இதைப் பறித்தால் ஊருக்கே போதும்" என்று மளிகைக்கடைத் தோழர் சொல்ல, பேருந்தில் இருந்தவர்களும் நகைத்தனர்.

மாணவரின் ஊரில் அவருடைய அன்னையார் எங்களை எதிர்கொண்டார். ஐம்பது வயது இருக்கலாம். மலையாளி எனப்படும் பழங்குடியினர் அவர்கள். சாமையும் புளியும் தேனும் அவர்தம் வாழ்வின் அடிப்படை. பள்ளிக்கூடம் சென்றறியாதவர் அவ்வம்மையார். கையில் மூங்கில் கூடை ஒன்றும், முனை மழுங்கிய குச்சி ஒன்றும் வைத்திருந்தார். வனத்துறையின் காப்புக்காட்டு எல்லைக்குள் செல்லாமல், சாமைக் கொல்லைகளை ஒட்டிய மேட்டுநிலத்தில் எங்களை அழைத்துச் சென்றார்.

நடந்தது நடை என்று சொல்வதற்கில்லை. பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்றார். நின்ற இடமெல்லாம் எமக்கு வெறும் சருகாகத் தோன்றியது. ஓரிடத்தில் அவர் குனிந்து குச்சியால் இலைகளை மெல்ல ஒதுக்கினார். மண் வெடித்து, கூர்நுனியுடைய சாம்பல் நிற மொட்டுகள் இருபதுக்கு மேல் தலைநீட்டியிருந்தன. சில விரிந்து குடையாகியிருந்தன. நடுவில் முலைக்காம்பு போன்ற கூர்மை. சுற்றிலும் ஓரம் கிழிந்த வெண்குடை. அம்மையார் ஒன்றின் தண்டைப் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தார். தண்டு வந்துகொண்டே இருந்தது. மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடை. மண்ணுக்குள்ளே ஒரு சாணுக்கும் மேல், வேர்போல ஒடுங்கிச் சென்றது.

"கீழே புத்து இருக்குங்க. வெளியே மண் மேடு தெரியாது. போன வருசமும் இங்கதான் வந்துச்சு. எங்க மாமியார் காலத்துலயும் இங்கதான்" என்றார். எல்லாவற்றையும் அவர் பறிக்கவில்லை. முற்றி விரிந்தவற்றை அப்படியே விட்டார். குச்சியால் மண்ணைக் கிளறவும் விடவில்லை. "புத்தை நோண்டினா அடுத்த வருசம் வராது" என்பது அவர் விதி.

தாவரவியல் நண்பர் மண்ணில் மண்டியிட்டு அமர்ந்துவிட்டார். ஆய்வகத்தில் காணாத மகிழ்ச்சியை அவர் முகத்தில் கண்டோம். புற்றுக் காளான்களுக்கு அறிவியலார் இட்ட பேரினப் பெயர் டெர்மிட்டோமைசிஸ் என்றார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரோஜர் ஐம் 1942 ஆம் ஆண்டில் அப்பெயரை நிறுவினார். தென்னிந்தியாவில் வளரும் ஒரு வகையைத் தமிழகத்து அறிஞர் நடராஜன் 1979 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்து, அந்த ஐம் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். காளானுக்கும் கறையானுக்கும் உள்ள உறவையும் நண்பர் விளக்கினார். கறையான் மரத்தையும் சருகையும் மென்று புற்றுக்குள் கொண்டுசென்று, பஞ்சு போன்ற அடைகளாக அடுக்கிவைக்கும். அவ்வடையில் காளானின் இழைகள் படர்ந்து, கறையானால் செரிக்க இயலாத மரச்சத்தைப் பதப்படுத்தும். பதமான அடையைக் கறையான் உண்ணும். கறையான் பயிரிடுகிறது, காளான் சமைத்துக் கொடுக்கிறது. மழை பெய்து மண் நெகிழ்ந்ததும், அவ்வடையிலிருந்து தண்டு நீண்டு மண்ணைத் துளைத்து வெளியே வந்து குடை விரிக்கும். இவ்வுறவு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் பழமையுடையதாம். சிப்பிக் காளானையும் பால் காளானையும் கொட்டகையில் வளர்த்து விற்கும் மனிதன், இக்காளானைக் கறையானின் துணையின்றி வணிக முறையில் வளர்க்க இன்றும் வழி காணவில்லை.

யாம் மாணவரை நோக்கினோம். அவர் தலைகுனிந்து நின்றார். அடுக்களைப் புழுதியில் பூத்த காளாம்பியும் இம்மலைப் புற்றின் காளானும் ஒன்றே என்று சாதிக்க யாம் வரவில்லை. ஆயினும், சிதலையும் காளாம்பியையும் ஒருசேர வைத்த புலவரின் கண், மண்ணைக் கூர்ந்து நோக்கிய கண் என்பதில் ஐயமில்லை. அக்கண் இம்மாணவர்க்கு இருந்தது, எமக்கு இல்லை.

அரபுத் துறை நண்பர் அதுவரை அமைதியாக இருந்தார். பின்னர் அவர் சொன்ன செய்தி எங்களுக்குப் புதிதாக இருந்தது. அரேபியப் பாலைநிலத்தில் மழைக்குப் பின் மணலுக்கு அடியில் 'கம்ஆ' என்னும் ஒருவகைக் காளான் கிழங்குபோல் திரண்டு வளரும். சிறு செடிகளின் வேரோடு உறவுகொண்டு வாழ்வது அது. இடியோடு கூடிய மழையில்தான் அது மிகுதியாகும் என்பது அரபு மக்களின் பழைய நம்பிக்கை. நம் நாட்டார் நம்பிக்கையும் அதுவேயன்றோ! அக்காளான் 'மன்னு' என்னும் அருளுணவின் வகையைச் சேர்ந்தது என்றும், அதன் சாறு கண்ணுக்கு மருந்து என்றும் கூறும் நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைப்பதால் அதனை அருளுணவோடு சேர்த்தனர் என அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர் என்றார் நண்பர்.

"நமக்குத்தான் உழைப்பில்லை, கறையானுக்கு உண்டு" என்றார் தாவரவியலார்.

"கறையானையும் படைத்தவன் அவனே" என்று அரபுத் துறை நண்பர் விடையிறுத்தார். அம்மையார் எங்கள் உரையாடலைப் புரிந்தும் புரியாமலும் கேட்டுப் புன்னகைத்தார்.

சற்றுத் தொலைவு சென்றதும், பட்டுப்போன மரத்தடியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து முளைத்திருந்தது. அழகிய காளான். மளிகைக்கடைத் தோழர் ஆவலோடு கை நீட்டினார். அம்மையார் குச்சியைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"இது விசங்களா அம்மா?" என்று தோழர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. எங்க மாமியார் இதைக் காட்டிக் கொடுக்கல. காட்டிக் கொடுக்காததை நான் தொடமாட்டேன்."

தெரியாது என்பதை இவ்வளவு தெளிவாகவும் கூச்சமின்றியும் ஒருவர் சொல்லி யாம் கேட்டதில்லை. கல்லூரியில் பணியாற்றுவோர்க்கு அச்சொல் எளிதில் நாவில் எழுவதில்லை.

தாவரவியல் நண்பர் அவ்விடத்திலேயே நஞ்சுக் காளான் பற்றி எங்களை எச்சரித்தார். வெள்ளிக்காசைப் போட்டுச் சமைத்தால் நஞ்சு கறுத்துக் காட்டும் என்பர். பூண்டு நிறம் மாறும் என்பர். பூச்சி தின்ற காளான் மனிதர்க்கும் நல்லது என்பர். மூன்றும் பொய். அமானிட்டா இனத்தின் கொடிய சில வகைகளில் உள்ள நஞ்சு, கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. உண்ட ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை உடலில் ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் பேதியும் தோன்றி, ஒரு நாள் தணிந்தது போலிருக்கும். பிழைத்தோம் என்று வீட்டார் மகிழும் வேளையில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். எனவே, காளான் உண்டு சிறு துன்பம் தோன்றினும், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும் என்றார்.

இவ்வளவையும் கேட்ட பின்னரே யாம் அப்பிழையைச் செய்தோம் என்பதை நாணத்தோடு எழுதுகிறோம்.

லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. ஓடையில் ஒளு செய்து, அம்மையார் வீட்டுத் திண்ணையில் அவரே விரித்துக் கொடுத்த பாயில் தொழுதோம். பின்னர் நண்பர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்க, யாம் தனியே மாட்டுப்பட்டிப் பக்கம் நடந்தோம். அங்கே புல்வெளியில் பெரிய வெண்குடைகள் வட்டமாக நின்றன. உச்சியில் பழுப்பு நிறச் செதில்கள். தண்டில் ஒரு வளையம். கண்டதும் எமக்கு 1991 ஆம் ஆண்டின் சட்டி நினைவுக்கு வந்தது. அம்மா சமைத்தவையும் வெள்ளையாகத்தான் இருந்தன. முப்பது ஆண்டுகளாக அம்மா காளான் உண்டதில்லை. எம் கையால் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு மகிழ்வார் என்று எண்ணினோம். ஐந்து காளான்களைப் பறித்துக் கைக்குட்டையில் பொதிந்து துணிப்பைக்குள் வைத்துக்கொண்டோம்.

இருபதடித் தொலைவில் அம்மையார் இருந்தார். காட்டியிருந்தால் ஒரு சொல்லில் சொல்லியிருப்பார். தாவரவியல் நண்பரும் இருந்தார். கேட்கவில்லை. காலையிலிருந்து கற்றுக்கொண்டே இருந்தவர்க்கு ஒருமுறையேனும் தாமே கண்டுபிடித்தவராக இருக்கவேண்டும் என்னும் ஆசை. கேட்டால் மாணவர் முன்னிலையில் அறியாதவர் ஆகிவிடுவோமே என்னும் கூச்சமும் உடனிருந்தது.

பகலுணவாகச் சாமைச் சோறும் காளான் குழம்பும் படைத்தனர். கதவு திறந்தே இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவர் மூவர் வந்து எங்களோடு வரிசையில் அமர்ந்தனர். அவர்களுக்கும் தட்டு வைக்கப்பட்டது. மாணவர் சொன்ன விருந்து இதுவே. எங்களை வழியனுப்பும்போது அம்மையார் எங்கள் நால்வர்க்கும் தேக்கிலையில் காளானைப் பொதிந்து கொடுத்தார். "இன்னிக்கே சமைச்சிடுங்க, நாளைக்கு வைக்காதீங்க" என்றார். விலை பேச முயன்ற தோழரை அவர் பார்த்த பார்வையில் தோழர் பணப்பையை மூடிக்கொண்டார்.

இரவு எட்டு மணிக்கு வீடு சேர்ந்தோம். அம்மாவின் முன் தேக்கிலைப் பொதியையும் கைக்குட்டையையும் வைத்தோம். அம்மா தேக்கிலையைப் பிரித்து, நீண்ட தண்டைத் தொட்டுப் பார்த்து, "புத்துக் காளான்" என்றார். குரலில் ஏதோ தழுதழுத்தது. பின்னர் கைக்குட்டையைப் பிரித்தார்.

"இதை யாரு பறிச்சது?"

"நான்தாம்மா."

"உனக்கு யாரு காட்டிக் கொடுத்தா?"

மலையில் கேட்ட அதே சொல். எம்மிடம் விடையில்லை. அம்மா கைக்குட்டையை மடித்துத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தார். தாவரவியல் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "உண்ண வேண்டாம். ஒரு குடையை மட்டும் வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தால் மூடிவையுங்கள். காலையில் தாளைப் பாருங்கள். கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம். அம்மையார் தந்த காளான் ஒன்றையும் பக்கத்தில் கவிழ்த்துவைத்தோம்.

அம்மா மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தார். மணம் எழுந்தது. யாம் எழுந்து சென்று, பழக்கத்தால், தெருக் கதவைச் சாத்தப்போனோம்.

"எதுக்குக் கதவைச் சாத்துற?" என்றார் அம்மா.

"அப்போது நீங்கள் சாத்துவீர்களே, அம்மா, வெட்கமாக இருக்கும் என்று."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "வெட்கமா? காளான் தின்னா என்ன வெட்கம்? வயல் வேலைக்குப் போற ஒரு அக்கா, பறிச்சுட்டு வந்து பாதியை எனக்குக் குடுக்கும். உங்க அத்தா படுத்திருந்தாருல்ல, அதுக்குத் தெரியும். எனக்குப் பறிக்கத் தெரியாது. அது கண்ணை நம்பித்தான் உங்களுக்குப் போட்டேன். குழம்பு வாசம் தெருவுக்குப் போச்சுன்னா அக்கம்பக்கத்துப் புள்ளைங்க வந்து நிக்கும். சட்டியில இருந்ததே நாலு பேருக்குக் காணாது. வந்த புள்ளைக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் சாத்தினேன்."

யாம் ஒன்றும் சொல்லவில்லை. மதரஸாவில் உரைத்த பொய்யை அன்றிரவுதான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் கிண்ணங்களை எடுத்துப் பார்த்தோம். புற்றுக் காளான் வைத்த தாளில் வெளிறிய இளஞ்சிவப்புத் தூள், குடையின் மடிப்புகளை அப்படியே கோலமிட்டிருந்தது. எம் காளான் வைத்த தாளில் பசுமை படர்ந்த சாம்பல் நிறம். நண்பர் வந்து பார்த்து, குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்றார். காளான் நஞ்சுக்கு உலகெங்கும் மிகுதியாகக் காரணமாகும் வகைகளுள் ஒன்று. உண்ட சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். முதியோரையும் குழந்தைகளையும் மிகவும் வாட்டும். எம் அன்னைக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

"தாளில் பச்சை படிந்ததால் தெரிந்தது. ஆனால், வேறு நிறம் படிந்தால் நல்ல காளான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மிகக் கொடிய அமானிட்டாவும் வெண்தூளையே உதிர்க்கும். இது இனம் காணத் துணைசெய்யுமே அன்றி, உண்பதற்கு உரிமம் ஆகாது" என்று நண்பர் கண்டிப்புடன் கூறினார். அத்தாளை மடித்து, எம் சிறுபாணாற்றுப்படைப் புத்தகத்துள் வைத்துக்கொண்டோம்.

அன்று வகுப்பில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். எம் பிழையையும் மறைக்கவில்லை. வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை யாமும் சிரித்தோம். கடைசி வரிசை மாணவரை முன்னே அழைத்து, புற்றும் காளானும் பற்றிப் பேசச் சொன்னோம். பதினைந்து நிமிடம் பேசினார். அவர் 2025 ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். விடுமுறைக்கு ஊர் சென்று வரும்போதெல்லாம் தம் அன்னையார் அறிந்த காளான், கீரை, கிழங்கு ஆகியவற்றின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறார். ஏட்டில் ஏறாத அறிவு, அறிந்தவரோடு மறைந்துவிடும் என்பதை அவர் எம்மைவிட நன்கு உணர்ந்தவர்.

அன்பார்ந்த மாணவர்களே! கற்றல் என்பது காட்டிக் கொடுப்பவர் ஒருவரையும், கேட்கத் துணியும் ஒருவரையும் வேண்டி நிற்பது. காட்டிக் கொடுப்பவர் பட்டம் பெற்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை. கேட்பவர் தம் பட்டத்தைச் சற்றே மறந்திருத்தல் நலம். ஐயத்திற்குரியதை விலக்கி நடப்பதை நம் முன்னோர் பேணுதல் என்றனர். உணவில் மட்டுமன்றி, சொல்லிலும் உரையிலும் அப்பேணுதல் நமக்கு வேண்டும் என்பதை ஐந்து வெண்குடைகள் எமக்கு உணர்த்தின.

கிணைமகள் கதவை அடைத்தது பிறர் காண நாணியே என்று புலவர் தெளிவாகக் கூறியுள்ளார். அதனை மாற்றியுரைக்க எமக்கு உரிமையில்லை. ஆயினும், அந்த அடி வரும்போது யாம் சற்றே நிறுத்துகிறோம். இல்லாமையால் நாணுவோர் உண்டு. வந்தவர்க்கு ஈய இயலாமையால் நாணுவோரும் உண்டு என்று சொல்லிவிட்டு, எம் அன்னையின் சட்டியைப் பற்றி ஒரு சொல் கூறுகிறோம். 'ஆம்பி வறுமையின் அடையாளம்' என்று இப்போது கரும்பலகையில் எழுதுவதில்லை.